சொந்த ஊர் அணியை விட்டுப் போனால் துரோகியா? லெப்ரான் 2010 முதல் டிரென்ட் 2025 வரை

கடைசி வரிசை:

சொந்த ஊர் அணியை விட்டு ஒரு நட்சத்திர வீரர் போனால் ஊரே திரண்டு துரோகி என்கிறது. இதில் என்ன நியாயம் என்று கேட்கத்தான் இந்த இழை.

அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் லெப்ரான் ஜேம்ஸையே எடுத்துக்கொள்வோம். பிறந்தது ஒஹையோ மாநிலத்து ஆக்ரன். அங்கிருந்து கிளீவ்லாந்து போக ஒரு மணி நேரம்கூட ஆகாது. 2003-ல் பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு கிளீவ்லாந்து கேவலியர்ஸ் அவரை முதல் ஆளாக எடுத்தது. ஏழு சீசன் ஆடினார். 2007-ல் அணியை இறுதிச் சுற்று வரை கொண்டுபோனார். 2010 ஜூலையில் மயாமி ஹீட்டுக்குப் போவதாகச் சொன்ன அன்று ராத்திரியே தெருவில் அவருடைய 23-ஆம் எண் சட்டையைப் போட்டுக் கொளுத்தினார்கள்.

கிளீவ்லாந்தில் ஆடுகிறேன் என்று அவர் போய்க் கேட்கவில்லை. அதற்கு முந்தைய சீசனில் 17 வெற்றி, 65 தோல்வி என்று கிடந்த அணிக்கு, புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் வரிசைக்கான குலுக்கலில் முதல் இடம் விழுந்தது. 18 வயதுப் பையன் எங்கே போக வேண்டும் என்பதை அந்தக் குலுக்கல் முடிவு செய்தது. ஒப்பந்தம் முடிந்தபோது எந்தத் தடையும் இல்லாமல் அவரே முடிவெடுக்கும் நேரம் வந்தது, எடுத்தார். குற்றம் எங்கே இருக்கிறது?

செவ்வந்தி:

2006-ல் கிளீவ்லாந்தோடு ஒப்பந்தத்தை நீட்டித்துக் கையெழுத்துப் போட்டது அவரேதான். அதையும் குலுக்கல் கணக்கில் எழுதாதீர்கள்.

அப்புறம், சட்டை எரிந்தது அவர் போனதற்காக மட்டும் இல்லை. எப்படிப் போனார் என்பதை நீங்கள் அப்படியே விட்டுவிட்டீர்கள். 2010 ஜூலை 8 அன்று தேசிய விளையாட்டுத் தொலைக்காட்சியில் அதற்கென்றே ஒரு நேரலை. ஒன்றேகால் மணி நேரம். இடம் கிளீவ்லாந்தும் இல்லை, மயாமியும் இல்லை, கனெக்டிகட் மாநிலத்தில் ஒரு சிறுவர் மன்றம். கட்டம் போட்ட சட்டையில் வந்து உட்கார்ந்தார். நகம் கடிக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறதா என்றெல்லாம் கேள்வி போனது. கிட்டத்தட்ட அரை மணி நேரம் இழுத்துவிட்டு, 'என் திறமையை சவுத் பீச்சுக்கு எடுத்துக்கொண்டு போகிறேன்' என்றார், அதாவது மயாமிக்கு.

அந்த அரை மணி நேரமும் கிளீவ்லாந்தில் ஒவ்வொரு வீட்டிலும் ஆட்கள் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். போகாதே என்று மாநில ஆளுநர் உட்படப் பலர் சேர்ந்து காணொளியே எடுத்து அனுப்பிய ஊர் அது. அணி நிர்வாகத்துக்கே நிகழ்ச்சிக்குச் சற்று முன்புதான் தகவல் போனது. காலையில் ஒரு வரி அறிக்கை கொடுத்துவிட்டுப் போயிருந்தால் அழுதிருப்பார்கள், இப்படி எரித்திருக்க மாட்டார்கள். ஒருவரை ஊர் பார்க்க நிற்க வைத்துக் கை விடுவது தனி வலி.

நடுக்கோடு:

அந்த நிகழ்ச்சியின் விளம்பர வருமானத்தில் 20 லட்சம் டாலருக்கு மேல் அந்தச் சிறுவர் மன்ற அமைப்புக்குப் போனது, அதையும் சேர்த்துச் சொல்லுங்கள் செவ்வந்தி. நிகழ்ச்சி எனக்கும் பிடிக்கவில்லை. ஆனால் அன்று ராத்திரி இன்னொன்றும் நடந்தது, அதற்கு யாரும் சட்டை எரிக்கவில்லை.

கேவலியர்ஸ் உரிமையாளர் டான் கில்பர்ட் அணியின் இணையதளத்தில் ரசிகர்களுக்கு ஒரு திறந்த கடிதம் போட்டார். சுயநலம், கோழைத்தனமான துரோகம் என்றெல்லாம் எழுதி, 'முன்னாள் ராஜா' கோப்பை வாங்குவதற்கு முன் கிளீவ்லாந்து வாங்கும், இது என் உத்தரவாதம் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார். சுவரில் ஒட்டும் பெரிய படங்கள் விற்கும் நிறுவனம் ஒன்றும் அவரிடம் இருந்தது. அதில் லெப்ரான் படத்தின் விலையை 17.41 டாலராக இறக்கினார்கள். 1741 என்பது அமெரிக்கர்கள் துரோகி என்றாலே நினைக்கும் பெனடிக்ட் ஆர்னால்ட் பிறந்த ஆண்டு. உட்கார்ந்து யோசித்து வைத்த விலை அது.

2005-ல் அணியை வாங்கியதிலிருந்து ஐந்து வருடம் அந்தப் பையனை வைத்து அரங்கத்தை நிரப்பியவர் அவர். லீக்கை நடத்தும் கூட்டமைப்பு அவருக்கு 1 லட்சம் டாலர் அபராதம் போட்டது. ரசிகன் கொளுத்தியது ஒரு சட்டையை. முதலாளி கொளுத்தியது ரசிகனின் கோபத்தை. எனக்கு இதுதான் இந்தக் கதையிலேயே அசிங்கமான பகுதி.

செவ்வந்தி:

கில்பர்ட்டுக்கு நான் வக்காலத்து வாங்கவே மாட்டேன். ஆனால் அவர் கடிதத்தைக் காட்டி ரசிகர்களின் துக்கத்தை மறைக்காதீர்கள்.

அந்த ஊருக்கு என்ன இருந்தது என்று பாருங்கள். கிளீவ்லாந்துக்கு எந்தப் பெரிய விளையாட்டிலும் 1964-க்குப் பிறகு அன்றுவரை கோப்பை கிடையாது. அந்தக் கடைசிக் கோப்பையைக் கொண்டுவந்த பிரவுன்ஸ் அமெரிக்கக் கால்பந்து அணியையே 1995 சீசனோடு உரிமையாளர் பால்டிமோருக்குக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். அப்படிப்பட்ட ஊரில் ஒரு பக்கத்து ஊர்ப் பையன் வருகிறான், உலகத்திலேயே சிறந்த ஆட்டக்காரன் ஆகிறான். நகர மையத்தில் பத்து மாடி உயரத்துக்கு அவன் படம் தொங்குகிறது. எங்கள் பையன் என்று சொல்லித்தான் சட்டை விற்றார்கள், சீட்டு விற்றார்கள், காலணி விற்றார்கள். அதில் அவனுக்கும் பங்கு போனது. வரும்போது ஊர்ப் பிள்ளை, போகும்போது வெறும் தொழிலாளி என்று இரண்டு கணக்கு வைத்துக்கொள்ள முடியாது. எங்கள் பையன் என்று நம்ப வைத்தால், எங்கள் பையனே இப்படிச் செய்தானே என்கிற கோபத்தையும் வாங்கிக்கொள்ள வேண்டும்.

அவர் போன அடுத்த சீசனில் 61 வெற்றி 19 ஆகக் குறைந்தது. தொடர்ந்து 26 ஆட்டம் தோற்றார்கள். இதை யார் தாங்குவது? அரங்கத்துக்குள் வேலை செய்கிறவன் முதல் வாசலில் விற்பவன் வரை அந்த ஊர்தானே தாங்கியது?

கடைசி வரிசை:

ஒரே ஆள் போனதும் 42 வெற்றி குறைகிறது என்றால் ஏழு வருடம் அவர் தனியாளாகச் சுமந்தார் என்று அர்த்தம். உங்கள் எண்ணே அவருக்குத்தான் சாட்சி சொல்கிறது. பக்கத்தில் சரியான துணை ஆட்டக்காரனைக் கொண்டுவராத நிர்வாகத்தை எத்தனை பேர் திட்டினார்கள்?

விசுவாசம் என்ற பேச்சு எப்போதும் ஒரு பக்கம்தான் ஓடுகிறது. பாஸ்டன் கூடைப்பந்து அணியில் ஆடிய ஐசேயா தாமஸை நினைத்துப் பாருங்கள். 2017 ஏப்ரலில் தங்கை கார் விபத்தில் இறந்த மறுநாள் பாஸ்டனுக்காகப் பிளே-ஆஃப் ஆட்டத்தில் இறங்கினார். கண்ணீரோடு ஆடினார். அந்த ஆகஸ்டிலேயே பாஸ்டன் அவரைத் தூக்கிக் கிளீவ்லாந்துக்குக் கொடுத்தது. அடுத்த பிப்ரவரியில் கிளீவ்லாந்து லாஸ் ஏஞ்சலஸுக்குக் கொடுத்தது. இதை அணி வியாபாரம் என்கிறோம். வீரன் செய்தால் துரோகம் என்கிறோம். வார்த்தை ஏன் மாறுகிறது?

ஊர்ப் பிள்ளை என்பதிலும் எனக்குச் சந்தேகம் உண்டு. 2010 டிசம்பர் 2 அன்று மயாமி சட்டையில் அவர் கிளீவ்லாந்துக்குத் திரும்பி ஆட வந்தபோது 'ஆக்ரன் உன்னை வெறுக்கிறது' என்று கூட்டம் கத்தியது. கத்திய அரங்கம் கிளீவ்லாந்தில் இருந்தது. 2007-ல் கிளீவ்லாந்து பேஸ்பால் அணியின் ஆட்டத்துக்கு நியூயார்க் யாங்கீஸ் தொப்பி போட்டுக்கொண்டு வந்தவர் அவர். சின்ன வயதிலிருந்து பிடித்த அணி அது என்று வெளிப்படையாகவே சொன்னார். ஊர்மேல் பாசம் இருந்தது, ஆனால் ஊர் கற்பனை செய்துகொண்ட அளவில் அதன் அணிகள்மேல் இல்லை. அந்த இடைவெளியை நிரப்பியது விளம்பரம். அந்த ஆட்டத்தில் 38 புள்ளி எடுத்தார், கடைசிக் கால் பகுதியில் இறங்கவே இல்லை. மயாமி 118-90 என்று ஜெயித்தது.

செவ்வந்தி:

ஐசேயா தாமஸ் விஷயத்தில் பாஸ்டன் ரசிகர்களும் கொதித்தார்கள். எல்லோரும் வாயை மூடிக்கொண்டு இருந்தது போல் எழுதாதீர்கள்.

நடுக்கோடு:

எனக்கு 2018-தான் முக்கியமாகப் படுகிறது. 2014-ல் லெப்ரான் திரும்பி வந்தார். கில்பர்ட்டே மயாமிக்குப் போய் உட்கார்ந்து பேசினார், நான்கு வருடமாக அணியின் இணையதளத்தில் கிடந்த அந்தக் கடிதமும் அப்போதுதான் இறங்கியது. 2016-ல் 3-1 என்று பின்தங்கிய இறுதிச் சுற்றைத் திருப்பி, அந்த சீசனில் 73 ஆட்டம் வென்ற கோல்டன் ஸ்டேட்டைத் தோற்கடித்துக் கோப்பை வாங்கிக் கொடுத்தார். 52 வருடக் காத்திருப்பு முடிந்தது. 2018-ல் மறுபடி போனார், லாஸ் ஏஞ்சலஸுக்கு. அந்த நவம்பரில் எதிரணிச் சட்டையில் வந்தவருக்கு அதே அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. ஆக்ரனில் அவர் திறந்த பள்ளிக்கு நன்றி சொல்லிக் காணொளி போட்டார்கள்.

அதே ஆள், அதே அரங்கம், அதே போவது. நடுவில் ஒரு கோப்பை வந்தது, அவ்வளவுதான். 2010-ல் இருந்தது பாசம் என்றால் அது ஏன் கோப்பைக்காகக் காத்திருந்தது?

செவ்வந்தி:

2018-ல் நேரலை நிகழ்ச்சி கிடையாது. ஒரு பத்தி அறிக்கை, அதோடு சரி. நான் முதலிலிருந்து சொல்வது அதைத்தான். கோப்பையும் உதவியிருக்கும், மறுக்கவில்லை. போன விதமும் மாறியிருந்தது.

பெனால்டி பெட்டி:

கூடைப்பந்தை விட்டுக் கொஞ்சம் கால்பந்துக்கு வாருங்கள். கோப்பை கொடுத்துவிட்டால் ஊர் மன்னிக்கும் என்ற நடுக்கோடு கணக்கும் நிற்காது, சொல்கிற விதம் சரியாக இருந்தால் போதும் என்ற செவ்வந்தி கணக்கும் நிற்காது.

டிரென்ட் அலெக்சாண்டர்-ஆர்னால்ட். லிவர்பூலிலேயே பிறந்து ஆறு வயதில் அந்தக் கிளப்பின் பயிற்சிக் கூடத்தில் சேர்ந்தவர். 2019-ல் சாம்பியன்ஸ் லீக், 2020-ல் 30 வருடம் கழித்து லீக் பட்டம், 2025-ல் மறுபடி லீக் பட்டம். கொடுக்க வேண்டியதெல்லாம் கொடுத்தாகிவிட்டது. ஒப்பந்தக் காலத்தைக் கிட்டத்தட்ட முழுசாக முடித்தார். 2025 மே 5 அன்று, போகிறேன் என்று அமைதியாக ஒரு காணொளியில் சொன்னார். எந்த நாடகமும் இல்லை. ஆறு நாள் கழித்து ஆர்சனலுக்கு எதிராக மாற்று ஆட்டக்காரராக இறங்கினார். அவர் கால் பந்தில் படும்போதெல்லாம் சொந்த மைதானமே ஊளையிட்டது.

இங்கே சொன்ன காரணம் வேறு: ஒப்பந்தம் முடியும் நேரம்வரை இருந்துவிட்டதால் கிளப்புக்குப் பெரிய தொகை வராமல் போய்விட்டதாம். சரி, ஜெர்மனிக்கு வாருங்கள். மரியோ கெட்சே 2013-ல் டார்ட்மண்டிலிருந்து பயர்ன் மியூனிக்குக்குப் போனபோது 3.7 கோடி யூரோ வந்தது. சிறுவனாக அங்கேயே வளர்ந்தவர். அவர் சட்டையும் எரிந்தது. அங்கே காரணம், போனது எதிரி அணிக்கு என்பது.

நிகழ்ச்சி நடத்தினால் அது காரணம். நடத்தாவிட்டால் பணம் காரணம். பணம் வந்தால் எதிரி காரணம். கோபம் முதலில் வருகிறது, காரணம் அதன் பின்னால் வருகிறது.

செவ்வந்தி:

கோபம் முதலில் வருகிறது என்பது சரிதான். அதனாலேயே அது பொய் ஆகிவிடாது. துக்க வீட்டில் அழுகிறவரிடம் போய்க் காரணங்களை வரிசைப்படுத்திச் சொல் என்று யாரும் கேட்பதில்லை.

ரசிகருக்கு இதில் வேறு எந்த இடத்தில் வாய் இருக்கிறது? வீரரை வாங்கும்போது அவரைக் கேட்பதில்லை, விற்கும்போது கேட்பதில்லை, சீட்டு விலை ஏற்றும்போது கேட்பதில்லை. முகவர், கிளப், வீரர் மூன்று பேரும் மூடிய அறையில் பேசி முடிக்கிறார்கள். பணம் கட்டி உள்ளே வந்த அந்த இரண்டு மணி நேரத்தில்தான் அவர் சொல்வது எல்லோர் காதிலும் விழுகிறது. அங்கே ஊளையிடுகிறார். அதையும் செய்யாதே, எழுந்து நின்று கைதட்டு என்றால் எப்படி? லிவர்பூலின் முன்னாள் பயிற்சியாளர் யூர்கன் கிளாப் அந்த ஊளைக்கு வருத்தப்பட்டார் என்பது தெரியும். அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் கிளாப்பும் தன் முடிவைத் தானே எடுத்துக்கொண்டு போனவர்தான்.

இன்னொன்று. அதே டிரென்ட்டுக்கு அதே மே மாதம் 25-ஆம் தேதி, கடைசி ஆட்டத்தில், அதே மைதானம் கைதட்டியது. நீங்கள் அதை எழுதவில்லை. இரண்டு வாரத்தில் அடங்கிய கோபத்தை வெறுப்பு என்று நான் எழுத மாட்டேன்.

பெனால்டி பெட்டி:

அடங்கவில்லையே. அந்த நவம்பரில் ரியல் மாட்ரிட் சட்டையில் லிவர்பூலுக்கு வந்தார். ஆட்டத்துக்கு முன்பே, மைதானத்துக்குப் பக்கத்தில் இருந்த அவருடைய சுவரோவியத்தின் மேல் பெயின்ட் ஊற்றி, எலி என்று எழுதி வைத்திருந்தார்கள். உள்ளே இறங்கியதும் மறுபடி ஊளை.

செவ்வந்தி:

பெயின்ட் ஊற்றியது தப்பு, அதில் மாற்றுக் கருத்தே இல்லை. மைதானத்துக்குள் வாயால் செய்வதோடு நிற்க வேண்டும். வீடு, குடும்பம், சுவர், தெரு என்று போனால் நான் உங்கள் பக்கம். உள்ளே எழுந்த ஊளையை மட்டும் என்னிடம் கேட்காதீர்கள், நான் அங்கே இருந்திருந்தால் நானும் சேர்ந்திருப்பேன்.

கடைசி வரிசை:

நான் சேர்ந்திருக்க மாட்டேன், செவ்வந்தி. ஆறு வயதில் உள்ளே வந்த பையன் இருபது வருடம் கழித்து வேறு ஊரில் வேலை பார்த்துப் பார்க்கலாம் என்று நினைக்கிறான். லெப்ரானும் 25 வயதில் அதைத்தான் நினைத்தார். அந்த வயதில் நம்மில் யார் வெளியூர் வேலைக்குப் போனாலும் பெற்றவர்கள் பெட்டி கட்டிக் கொடுப்பார்கள். ஊளையிட உரிமை இருக்கிறது என்கிறீர்கள், இருக்கட்டும். அந்த உரிமையை முதலில் நிர்வாகத்தின் மேல் பயன்படுத்துங்கள் என்கிறேன். டிரென்ட் ஒப்பந்தம் கடைசி வருடத்துக்குள் நுழையும்வரை அதை நீட்டிக்காமல் விட்டது அந்த நிர்வாகம்தான். அந்தப் பக்கம் திரும்பி ஒருவர்கூடக் கத்தியதாக நான் படிக்கவில்லை.