டிவியில் வரும் அந்தப் பேராசிரியர்: பழகியவர்களின் அனுபவங்கள்

முன்னாள் கெஸ்ட் கோ-ஆர்டினேட்டர், சென்னை

டிவி விவாதங்களில் தேர்தலைப் பற்றிப் பேசும் பேராசிரியர் மேடத்தைப் பற்றிப் பேச்சு வந்ததால் எழுதுகிறேன். ஒரு செய்தி சேனலில் விவாதங்களுக்கு ஆட்களை அழைக்கும் வேலை எனக்கு. மாலை நான்கு மணிக்கு மேல்தான் தலைப்பு முடிவாகும். எட்டு மணி நேரலைக்குள் நான்கு பேரைப் பிடிக்க வேண்டும். பலர் வருகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் தலைப்பைக் கேட்பார்கள். மேடம் முதலில் தலைப்பைக் கேட்பார். மாநிலத் தேர்தல், கூட்டணி, உள்ளாட்சி என்றால் வருவார். நதிநீர் வழக்கு என்றால், "அது என் பாடம் இல்ல தம்பி. அதைப் படிச்சவங்க நம்பர் தரேன்" என்பார். ஐந்து நிமிடத்தில் நம்பரும் வந்துவிடும்.

2016 மே 19, சட்டமன்றத் தேர்தலின் வாக்கு எண்ணிக்கை நாள். எக்ஸிட் போல்களில் பெரும்பாலானவை திமுக பக்கம் சாய்ந்திருந்தன. காலையில் முன்னிலை எண்கள் திரையில் ஓடத் தொடங்கியதுமே நெறியாளர், "அலை தெரியுதா மேடம்?" என்று கேட்டார். அவர் சொன்ன பதில் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "முதல்ல எண்ணுறது தபால் ஓட்டு. அப்புறம் முதல் சுற்றுன்னா பொதுவா 14 மேசை. வரிசைப்படி முதல் 14 வாக்குச்சாவடி. தொகுதியோட ஒரு மூலை அது. அந்த மூலை போன தடவை எப்படிப் போட்டதுன்னு பார்க்காம இந்த முன்னிலையை வெச்சு நான் என்ன சொல்ல?"

வெறும் பேச்சாக அவர் அதை விடவில்லை. சில தொகுதிகளின் 2011 வாக்குச்சாவடி வாரியான கணக்கை ஃபைலில் கொண்டு வந்திருந்தார். சுற்று வர வர, அந்தப் பகுதியின் பழைய எண்ணைப் பக்கத்தில் வைத்து எது ஏறுகிறது, எது இறங்குகிறது என்று சொன்னார். மற்ற மூன்று பேரும் ஒருவர் மேல் ஒருவர் கத்திக்கொண்டிருந்தபோது பேனலில் புதிய விஷயம் வந்தது அந்த ஃபைலிலிருந்து மட்டும்தான். அந்தத் தேர்தலில் வாக்குப்பதிவு நடந்த 232 தொகுதிகளில் அதிமுகவுக்கு 134, திமுக கூட்டணிக்கு 98. இரு தரப்புக்கும் இடையிலான வாக்கு வித்தியாசம் சுமார் ஒரு சதவீதம்தான். ராதாபுரத்தில் வெற்றியைத் தீர்மானித்தது 49 ஓட்டு. இப்படி ஒரு தேர்தலில் காலை ஒன்பது மணிக்கு 'அலை' என்று சொல்வது எவ்வளவு பெரிய அநியாயம் என்று யோசித்துப் பாருங்கள்.

இதையும் சொல்ல வேண்டும். அவரை அடிக்கடி அழைக்க எங்கள் டெஸ்க்கில் விருப்பமில்லை. சண்டை வராது, கிளிப் ஓடாது என்பது காரணம். எனக்கு அது இன்றைக்கும் ஆறவில்லை.

அவரிடம் படித்த மாணவி, தேனி மாவட்டம்

மேடம் ஆய்வு எப்படிச் செய்வார் என்று நான் சொல்கிறேன். எம்.ஏ. படிக்கும்போது மேடத்தோடு ஆய்வுக்குப் போனவர்களில் நானும் ஒருத்தி. டெல்லியில் உள்ள சிஎஸ்டிஎஸ் என்ற சமூக ஆய்வு நிறுவனத்தின் லோக்நிதி பிரிவு செய்வதைப் போன்ற முறைதான். வாக்காளர் பட்டியலில் சீரான இடைவெளி விட்டுப் பெயர்களை எடுப்போம். அந்தப் பெயர் உள்ளவரைத்தான் வீட்டில் போய்ப் பார்க்க வேண்டும். டீக்கடையில் இருக்கிற நாலு பேரிடம் கேட்டுவிட்டு வர முடியாது. அவர்கள் எல்லாரும் ஆண்கள், அதுவும் அரசியல் பேசப் பிடித்த ஆண்கள் என்பார் மேடம்.

பட்டியலில் உள்ள அம்மா நூறு நாள் வேலைக்குப் போயிருந்தால் சாயங்காலம் திரும்பப் போவோம். அப்போதும் இல்லையென்றால் மறுநாள் காலை ஆறு மணிக்கு. யாருக்கு ஓட்டுப் போட்டீர்கள் என்று வாயால் கேட்பதில்லை. சின்னங்கள் அச்சடித்த மாதிரி வாக்குச்சீட்டைக் கொடுத்து, குறியிட்டு மடித்து எங்கள் பெட்டியில் போடச் சொல்வோம். வீட்டுக்காரர் கட்டிலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கும்போது ஒரு பெண் வாயால் சொல்லும் பதிலை நம்பி ஆய்வு எழுத முடியுமா?

2019 ஏப்ரல் 18 எங்களுக்கு ஒரு பெரிய பாடம். நாடாளுமன்றத் தேர்தலும் 18 சட்டமன்ற இடைத்தேர்தலும் ஒரே நாள். எங்கள் தேனி தொகுதி, அதிமுக கூட்டணிக்குத் தமிழ்நாட்டில் கிடைத்த ஒரே எம்.பி. இடம். ஆனால் அதற்குள் இருக்கும் ஆண்டிபட்டி, பெரியகுளம் இடைத்தேர்தல் இரண்டிலும் ஜெயித்தது திமுக. ஆண்டிபட்டியில் இரு கட்சிக்கும் உடன்பிறந்த சகோதரர்களே வேட்பாளர்கள் என்பது தனிக்கதை. தர்மபுரியில் இதற்கு நேர்மாறு. எம்.பி. இடம் திமுகவுக்கு, அரூர், பாப்பிரெட்டிப்பட்டி சட்டமன்ற இடங்கள் அதிமுகவுக்கு. ஒரே வரிசையில் நின்று, அடுத்தடுத்த இயந்திரத்தில் மக்கள் வேறு வேறு முடிவு எடுத்திருக்கிறார்கள். மே மாதம் நடந்த நான்கையும் சேர்த்து 22 இடைத்தேர்தலில் அதிமுக ஒன்பதை வென்றது, ஆட்சி தப்பியது.

"மக்கள் சின்னத்தைப் பார்த்துக் குத்திட்டுப் போறாங்க" என்று ஒரு விவாதத்தில் ஒருவர் சொன்னபோது மேடத்தின் குரல் உயர்ந்ததைப் பார்த்திருக்கிறேன். தேனியையும் தர்மபுரியையும் வரிசையாகச் சொல்லிவிட்டு, "இவ்வளவு யோசிச்சுப் போட்டவங்களை இப்படிப் பேசாதீங்க" என்றார். வாக்காளரை மட்டமாகப் பேசினால் அவருக்குத் தாங்காது.

கட்சிப் பொறுப்பில் இருப்பவர், திருநெல்வேலி

நான் எந்தக் கட்சி என்பது இங்கே வேண்டாம். ஒரு கல்லூரிக் கருத்தரங்கில் மேடத்திடம் 2006 சட்டமன்றத் தேர்தல் பற்றிக் கேட்டேன். அந்தத் தேர்தலில் அதிமுகவுக்கு 32.6 சதவீதம், திமுகவுக்கு 26.5 சதவீதம். ஆனால் இடங்கள் அதிமுகவுக்கு 61, திமுகவுக்கு 96. எங்கள் பக்கத்தில் இதை ஆளாளுக்கு ஒரு விதமாகச் சொல்வார்கள்.

அவர் கேட்டார்: "அண்ணாச்சி, ரெண்டு பேரும் எத்தனை இடத்துல நின்னாங்க?" அதிமுக 188, திமுக 132. மீதி இடங்களைத் திமுக கூட்டணிக் கட்சிகளுக்குக் கொடுத்திருந்தது. போட்டியிடாத தொகுதியில் ஓட்டு எப்படி விழும்? நின்ற தொகுதிகளை மட்டும் எடுத்தால் திமுகவின் சதவீதம்தான் அதிகம். கூட்டணி வைத்துப் போட்டியிடும் இடத்தில் ஒரு கட்சியின் சதவீதத்தைத் தனியே எடுத்துப் பேசுவது பாதிக் கணக்கு என்றார். அதே தேர்தலில் தேமுதிக ஏறக்குறைய எல்லாத் தொகுதியிலும் நின்று 8.4 சதவீதம் வாங்கி, விருத்தாசலத்தில் மட்டும் வென்றதையும் சொன்னார். அந்த ஓட்டு யாரிடமிருந்து போனது என்பதற்குத் தொகுதி தொகுதியாகத்தான் பதில் தேட வேண்டும், மொத்தமாகச் சொன்னால் நம்பாதீர்கள் என்றார்.

அவர் டிவியில் சொன்னது எங்கள் கட்சிக்குக் கசந்த நாட்கள் உண்டு. ஆனால் எதிர்க்கட்சிக்கு ஒரு அளவுகோல், எங்களுக்கு ஒரு அளவுகோல் என்று அவர் வைத்து நான் பார்த்ததில்லை.

போட்டித்தேர்வு பயிற்சி நடத்துபவர், சேலம்

வாக்குச்சாவடி வாரியான அந்தக் கணக்கு எங்கே கிடைக்கும்? பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும்.

மாணவி, தேனி மாவட்டம்

அதற்குப் படிவம் 20 என்று பெயர் சார். தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் தொகுதி வாரியாக இருக்கும். ஒன்றை மட்டும் பிள்ளைகளிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். தொகுதி மறுவரையறைக்கு, அதாவது தொகுதிகளின் எல்லையை மாற்றி வரைந்ததற்குப் பிறகு நடந்த முதல் சட்டமன்றத் தேர்தல் 2011. அதற்கு முந்தைய கணக்கை அதே பெயருள்ள தொகுதியோடு அப்படியே ஒப்பிட முடியாது. சென்னையில் மட்டும் 14 தொகுதி 16 ஆனது, புரசைவாக்கம் தொகுதியே இல்லாமல் போனது. வாக்குச்சாவடி எண்களும் தேர்தலுக்குத் தேர்தல் மாறும். அதனால் எண்ணைப் பார்க்காமல், எந்தப் பள்ளிக்கூடம், எந்தத் தெரு என்று பெயரை வைத்துப் பொருத்திப் பாருங்கள். நேரம் பிடிக்கும், எங்களையும் மேடம் அப்படித்தான் செய்ய வைத்தார்.