மறுமொழி: ஒரே கதைமாந்தரைச் சுற்றி நடக்கும் எபிசோடுக்குத் தமிழில் என்ன பெயர்?

நண்பர்களுக்கு வணக்கம்.

இந்த விவாத இழை நீண்டுகொண்டே போவதால் என் வாக்கை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ‘மாந்தர் படலம்’. காரணம் கீழே. கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> இளைப்பாறல் அத்தியாயம் என்று வைக்கலாமே. சண்டையும் துரத்தலும் நின்று பார்வையாளர் மூச்சு வாங்கும் இடம்தானே அது?

பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். அதனாலேயே இந்தச் சொல் வேண்டாம் என்கிறேன். ‘தவறவிட்டாலும் பரவாயில்லை’ என்று பெயரிலேயே சொன்னதுபோல் ஆகிவிடும்.

ஸ்டார் ட்ரெக் வரிசையில் வந்த டீப் ஸ்பேஸ் நைன் தொடரின் 7ஆம் சீசனைப் பாருங்கள். 1998இல் வந்தது. ஒரு முற்றுகைச் சண்டையில் நாக் என்ற இளம் அதிகாரி ஒரு காலை இழக்கிறான். அடுத்தடுத்த எபிசோடுகளில் ஒன்றுதான் ‘இட்ஸ் ஒன்லி எ பேப்பர் மூன்’. செயற்கைக் கால் பொருத்தியாயிற்று, மருத்துவக் கணக்கில் எல்லாம் சரி. ஆனாலும் அவனுக்கு வலி போகவில்லை. 1960களின் லாஸ் வேகாஸ் கேளிக்கை விடுதி ஒன்றைக் காட்டும் ஹோலோகிராம் உலகுக்குள் போய் ஒளிந்துகொள்கிறான். அங்கே பாடகராக இருக்கும் கற்பனை ஆசாமியோடு கணக்குவழக்குப் பார்த்துக்கொண்டு, வெளியே வர மறுக்கிறான். தொடரின் நாயகர்கள் அன்றைக்கு ஓரமாக நிற்கிறார்கள். இந்த எபிசோடு இல்லையென்றால் முற்றுகையில் போன கால் அடுத்த வாரமே மறந்துபோயிருக்கும், நாமும் மறந்திருப்போம். சண்டைக் காட்சிகள் கடன் வாங்கிக்கொண்டே போகும். அந்தக் கடனை அடைக்கிற எபிசோடு இது. இதற்கு ‘இளைப்பாறல்’ எப்படிப் பொருந்தும்? நாக்குக்கும் இளைப்பாறல் இல்லை, பார்க்கிறவருக்கும் இல்லை.

இன்னொரு ஸ்டார் ட்ரெக் தொடரான நெக்ஸ்ட் ஜெனரேஷனின் ‘ஃபேமிலி’ (1990) எபிசோடும் இந்த வகைதான். எதிரியின் கையில் சிக்கி, அவர்கள் கருவியாகவே மாற்றப்பட்டு மீண்ட கப்பல் தலைவர் பிக்கார்ட், பிரான்ஸில் அண்ணனின் திராட்சைத் தோட்டத்துச் சேற்றில் உட்கார்ந்து அழுவார்.

> குணச்சித்திர அத்தியாயம்?

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ‘குணச்சித்திர நடிகர்’ என்ற வழக்கு துணை வேடங்களோடு ஒட்டிப்போய்விட்டது. நாயகனையே மையமாக வைத்த எபிசோடை இப்படிச் சொன்னால் குழப்பம் வரும். ‘பாத்திர மையப் பகுதி’ சரியான சொல்தான், அலுவலகச் சுற்றறிக்கை வாடை அடிக்கிறது என்பதைத் தவிர.

> சண்டையை வைத்து நடப்பது புறப் பகுதி, மனத்தை வைத்து நடப்பது அகப் பகுதி. நம்மிடம் இரண்டாயிரம் ஆண்டுச் சொல் இருக்கும்போது எதற்குப் புதிதாகத் தேட வேண்டும்?

ஐயா, எனக்கும் முதலில் ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் தொல்காப்பியமே குறுக்கே நிற்கிறது. அகத்திணையில் ஒருவரைச் சுட்டிப் பெயர் சொல்லக் கூடாது. தலைவன், தலைவி, தோழி, அவ்வளவுதான். நெடுநல்வாடை முழுக்கப் பிரிவைப் பேசும் பாட்டு. அதில் வேப்பம்பூ சூட்டிய வேல் வந்துவிட்டது, அது பாண்டியனைக் காட்டிக்கொடுத்துவிடும் என்று உரைகாரர் அதைப் புறத்தில் சேர்த்தார். நாம் பெயர் தேடும் எபிசோடோ ‘இது நாக்கின் கதை’ என்று பெயரைச் சொல்லித்தான் ஆரம்பிக்கிறது. மரபுச் சொல்லை எடுத்துக்கொண்டு அதன் முதல் விதியையே மீறுவதா?

இன்னொரு சிக்கலும் உண்டு. அகம், புறம் என்று பிரித்தால் சண்டை எபிசோடில் ஆளுக்கு வேலை இல்லை என்றாகிறது. பேட்டில்ஸ்டார் கலாக்டிகா தொடரின் ‘33’ என்ற எபிசோடு முழுக்கத் துரத்தல்தான்: 33 நிமிடத்துக்கு ஒருமுறை எதிரி வந்து நிற்பான், யாரும் தூங்க முடியாது. அந்தத் தூக்கமின்மையிலேயே ஒவ்வொருவரும் யார் என்று தெரிந்துவிடுகிறது. ‘நல்ல ஆக்‌ஷன் இருந்தால் மாந்தருக்கென்று தனி எபிசோடு எதற்கு’ என்று இங்கே ஒருவர் கேட்டிருந்தார். அவருக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. ஆனால் ‘33’ கப்பல் கூட்டம் முழுவதன் கதை, ஒருவருடையது அல்ல. ஆகவே நம் சொல் வேகத்தைக் குறிக்க வேண்டாம், கதை யாருடையது என்பதைக் குறிக்கட்டும்.

> நிரப்பு எபிசோடு, ஒரே அரங்கில் எடுக்கும் எபிசோடு, இது... மூன்றும் ஒன்றுதானே?

இல்லை. ஒரே அரங்கு என்பது தயாரிப்பாளரின் சிக்கனம். ஏற்கெனவே போட்ட செட்டிலேயே முடித்துக்கொள்வது. அதற்கு ‘ஓரரங்கப் படலம்’ என்று தனியாக வைத்துக்கொள்ளலாம். நிரப்பு என்பது திட்டு, கலைச்சொல்லாகாது. ஓர் எபிசோடு ஓரரங்கமாகவும் ஒருவரின் கதையாகவும் இருக்கலாம். டீப் ஸ்பேஸ் நைனின் ‘டூயட்’ (1993) பெரும்பாலும் கீரா என்ற அதிகாரியும் ஒரு கைதியும் பேசிக்கொள்வதுதான். முதல் சீசனின் பலமே அதுதான் என்பேன்.

> ஆனால் இவை தொடரைக் கெடுப்பதும் உண்டு.

கெடுக்கும், நன்றாகவே கெடுக்கும். ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ் 2ஆம் சீசனில் (2017) ஆறாம் எபிசோடு ஆய்வுக்கூடத்தில் உயிர்கள் ஊசலாடும் இடத்தில் நிற்கிறது. ஏழாவதில் பெரும்பாலும் லெவன் என்ற சிறுமி சிகாகோவில். அவள் கதை தேவைதான், ஆனால் வைத்த இடம் தப்பு. இரண்டு எபிசோடு முன்னால் வந்திருந்தால் இவ்வளவு ஏச்சு வாங்கியிருக்காது.

லாஸ்ட் வேறு மாதிரி. வாரம் ஒருவரின் பழங்கதை என்ற அச்சிலேயே ஓடிய தொடர், 2007இல் நாயகன் ஜாக்கின் பச்சை குத்தலுக்கு விளக்கம் சொல்லும் நிலைக்கு வந்துவிட்டது. சரக்கு தீர்ந்ததற்கு அந்த எபிசோடையே உதாரணமாகத் தயாரிப்பாளர்கள் காட்டினார்கள். அதே ஆண்டு மே மாதம், தொடர் 2010இல் முடியும் என்று அறிவிப்பும் வந்தது. அடைக்கக் கடன் எதுவும் இல்லாதபோது இப்படி ஒரு எபிசோடு எழுதினால் பச்சை குத்தல்தான் மிஞ்சும்.

த லாஸ்ட் ஆஃப் அஸ் மூன்றாம் எபிசோடை (2023) யாரும் இன்னும் சொல்லவில்லை, ஆச்சரியம். பில், ஃபிராங்க் இருவரின் வாழ்க்கை. முக்கியக் கதை ஓர் அங்குலம் நகரவில்லை என்று குறைப்பட்டார்கள். கடைசியில் பில் விட்டுச்சென்ற கடிதத்தைத் தொடரின் நாயகன் ஜோல் கேட்கிறான். உன்னைப் போன்ற ஆட்கள் யாரையாவது காப்பாற்றத்தான் இருக்கிறார்கள் என்கிறது அது. அடுத்து அவன் செய்வதெல்லாம் அதிலிருந்துதானே கிளம்புகிறது? ‘கிளைக்கதை’ என்ற சொல்லையும் இதனால்தான் ஒதுக்குகிறேன். இங்கே கிளையிலிருந்துதான் அடிமரத்துக்கே சாறு ஏறுகிறது.

சரி, ஏன் ‘படலம்’? கம்பன் பிரித்த பிரிவு அது. சூர்ப்பணகைப் படலம், சம்பாதிப் படலம் என்று ஆள்பெயரிலேயே தலைப்பு வைக்கும் பழக்கம் அங்கேயே இருக்கிறது. கும்பகருணன் வதைப் படலம் போர்ப் படலம்தான். ஆனால் தம்பி வந்து அழைக்க, உண்ட சோற்றுக்கு நன்றி என்று அண்ணன் மறுக்கும் பேச்சு நடுவில் இருப்பதால்தான் பின்னால் விழும் தலை நமக்கு வலிக்கிறது.

‘ஆட்படலம்’ என்று சுருக்கலாம் என்றார் ஒருவர். அது ‘ஆட்படல்’ போலக் கேட்கிறது, யாரோ அடிமையான மாதிரி. வேண்டாமே.

அகராதிக்கு என் வரைவு: ‘மாந்தர் படலம்: பல மாந்தர் வரும் தொடரில், மையக் கதையின் ஓட்டத்தைவிட ஒருவரின் அல்லது ஓரிருவரின் நிலையை முதன்மையாகக் கொண்ட எபிசோடு.’

‘மாந்தர்ப் படலம்’ என்று ஒற்று மிக வேண்டாமா என்று கேட்க இருவர் தயாராக இருப்பார்கள், தெரியும். உயர்திணைப் பெயரின் ஈற்று மெய்க்குப் பின் வல்லினம் வந்தால் இயல்பு என்பது நன்னூல் விதி. அதனால் ஒற்று போடவில்லை. அப்புறம், ‘ஓரரங்கப் படலம்’ என்பதற்கு இதைவிடச் சின்ன சொல் யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள். அதில் எனக்கே முழுத் திருப்தி இல்லை.