இரண்டு அரிசி ஆலைக் கம்பனிகளை ஒன்றாக்குவது: 60:40 சரிவருமா?

பரந்தன்வாசி:
வணக்கம். எங்கட ஆலை பரந்தனில. புதுக்குடியிருப்புப் பக்கம் உள்ள ஒரு ஆலைக் கம்பனி, ரெண்டையும் ஒண்டாக்கிப் பங்கை எங்களுக்கு 60, அவைக்கு 40 எண்டு பிரிப்பம் எண்டு கேட்டிருக்கினம். நாங்கள் வருஷம் 2,000 தொன் நெல் குத்துறம். வட்டி, வரி, தேய்மானம் கழிக்க முன்னம் இலாபம் 2.4 கோடி ரூபா, கடன் 3 கோடி. அவை 1,200 தொன், இலாபம் 1.2 கோடி, கடன் 3.6 கோடி. கடன் எல்லாம் மார்ச் 31 கணக்குப்படி. வேலையாட்கள் எங்களுக்கு 11 பேர், அவைக்கு 9 பேர். கலர் சோட்டர், அதான் நிறம் பார்த்து அரிசியைத் தரம்பிரிக்கிற மெசின், எங்களிட்ட மட்டும்தான் இருக்கு. ஒண்டானால் வருஷம் 60 இலட்சம் மிச்சம் எண்டு அவையின்ர அறிக்கை சொல்லுது: சோட்டரால 31, நெல் கொள்வனவில 17, நிர்வாகத்தில 12. இலாபம் 2:1 எண்டபடியால் 40 கொஞ்சம் கூடத்தான். மிச்சம் அதை ஈடுகட்டுமோ?

வவுனியா_கணக்காளர்:
இலாபத்தை மட்டும் வைத்துப் பங்கு பிரித்தால் கடன் மறைந்துவிடும். இரண்டு ஆலைக்கும் இலாபத்தின் 4 மடங்கைப் பெறுமதியாக எடுத்துக் கடனைக் கழியுங்கள். உங்களுடையது 9.6 இல் 3 போக 6.6 கோடி. அவர்களுடையது 4.8 இல் 3.6 போக 1.2 கோடி. அவர்களின் நியாயமான பங்கு 15 சதவீதத்துக்குக் கிட்டத்தான் வரும்.

ஆனால் மார்ச் 31 என்பது பெரும்போக நெல் களஞ்சியத்துக்குள் நிறைந்து, அந்த நெல்லை ஈடு வைத்து எடுக்கிற அடகுக் கடனும் உச்சத்தில் நிற்கிற நாள். இரண்டு பக்கமும் அடகுக் கடன் எவ்வளவு? அதற்கு ஈடான நெல் உண்மையாகவே களஞ்சியத்தில் இருக்கிறதா?

பரந்தன்வாசி:
எங்களுக்கு 50 இலட்சம், அவைக்கு 1.5 கோடி. நெல் இருக்குது எண்டு சொல்லினம்.

வவுனியா_கணக்காளர்:
அப்படியானால் அடகுக் கடனை அந்த நெல்லோடு நேராக்கிவிடலாம். கழிக்க வேண்டியது உங்களுக்கு 2.5, அவர்களுக்கு 2.1 கோடி. நீங்கள் 7.1, அவர்கள் 2.7, மொத்தம் 9.8 கோடி. அவர்கள் பங்கு ஏறக்குறைய 28 சதவீதம். 4 மடங்குக்குப் பதில் 3 வைத்தால் 24, 5 வைத்தால் 29. கடனே இல்லை என்று வைத்தாலும் 33 தான். 40 எந்தக் கணக்கிலும் வரவில்லை.

இப்போது உங்கள் கேள்விக்கு வருவோம். 60 சதவீதத்தை வைத்துக்கொண்டு நீங்கள் இன்றைய 7.1 கோடியில் நிற்க வேண்டுமானால் ஒன்றான கம்பனி 11.83 கோடி பெற வேண்டும். அதாவது ஒன்றாவதால் மட்டும் 2.03 கோடி புதிதாகப் பிறக்க வேண்டும். 60 இலட்சத்தில் 30% வருமான வரி போக 42. அது குறையாமல் வருஷாவருஷம் வரும் என்று வைத்து 16% கழிவு வீதத்தில் (வருங்காலக் காசை இன்றைய பெறுமதிக்குக் குறைக்கிற வீதம்) பார்த்தால் 2.62 கோடி. ஒன்றாக்க ஆகும் ஒருமுறைச் செலவை 50 இலட்சம் என்று வைத்துக் கழித்தால் 2.12. சொன்னது ஒரு சதம் பிசகாமல் நடந்தால் உங்கள் கைக்கு வருவது இந்த 9 இலட்சத்தின் 60 சதவீதம், ஏறக்குறைய ஐந்தரை இலட்சம்தான். இந்தத் தொகைக்காகக் கம்பனியைக் கலக்க வேண்டாம் என்பதுதான் என் நிலைப்பாடு.

நெல்லைப் பார்க்கப் போகும்போது ஈரமானியைக் கொண்டுபோங்கள். 20% ஈரத்தில் வாங்கிய 100 கிலோ, 14 சதவீதத்துக்குக் காய்ந்தால் 93 கிலோ. புத்தகத்தில் ஈர நிறையே கிடந்தால் 1.5 கோடி இருப்பில் 10 இலட்சம் இல்லாத நெல். மூட்டையை எண்ணினால் இது பிடிபடாது, நிறுத்துத்தான் பார்க்க வேண்டும்.

நெல்லும்_தவிடும்:
அந்த 60 வராது அண்ணை. 31 இலட்சம் எப்பிடி வந்தது எண்டு விளங்குது: 1,200 தொன் நெல்லில 65% அரிசி 780 தொன், கிலோவுக்கு 4 ரூபா கூட விலை. ஏ35 வீதியால அரிசியைப் பரந்தனுக்கு ஏத்தி இறக்கிற கூலியும், சோட்டர் தள்ளிவிடுற அரிசியும் அதில கழிக்கப்படேல்லை. அதைவிட, சோட்டருக்காக ஏன் கம்பனியை ஒண்டாக்க வேணும்? கிலோவுக்கு இவ்வளவு எண்டு கூலிக்குத் தரம்பிரிச்சுக் குடுங்கோ.

கொள்வனவில 17 இலட்சம் எண்டால் 3,200 தொன்னுக்குக் கிலோவுக்கு 53 சதம். அறுவடை நேரம் வெளிமாவட்ட லொறியள் வயல் வரம்பிலயே காசு எண்ணி நெல்லை ஏத்துது. ரெண்டு ஆலை சேர்ந்ததுக்காக விவசாயி விலை குறைக்கமாட்டார். இதுக்குப் பூச்சியம் போடுங்கோ.

இன்னொண்டு. ரெண்டு ஆலைக்கும் நெருக்கடி தை முதல் பங்குனி வரைதான், ஒரே மாதங்கள். ஒரு ஆலையின்ர வெறும் நேரத்தை மற்றது பாவிக்கேலாது. சிறுபோகமும் அப்பிடித்தான்: உங்கட பக்கம் இரணைமடுக் குளம், அந்தப் பக்கம் முத்தையன்கட்டுக் குளம், ரெண்டும் ஒரே வடகீழ்ப் பருவமழையில நிரம்புறது. மழை பொய்த்தால் ரெண்டு ஆலையும் சேர்ந்தே படுக்கும். ஆபத்தைப் பிரிக்கிறம் எண்ட கதை இதில எடுபடாது.

காணிக்கந்தோர்:
அவர்களின் ஆலை நிற்கிற காணியின் பத்திரத்தை முதலில் கேளுங்கள். அது காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசு தனியாளுக்கு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணியாகி, ஒரு பணிப்பாளரின் பெயரில் இருந்தால் அது கம்பனிச் சொத்தே இல்லை, ஒன்றிணைப்பால் உங்களுக்கு வந்துசேராது. வன்னியில் இது சாதாரணம். கட்டடத்துக்கும் பொயிலருக்கும் பெறுமதி போட்டிருப்பார்கள், அடியில் நிலம் இராது. பிரதேச செயலகத்தில் பதிவைப் பார்த்த பிறகு மற்றதைப் பேசுங்கள்.

வேலையாட்கள் 11 உம் 9 உம் தனித்தனியே 15 க்குக் கீழே. சேர்ந்தால் 20. உடனே 1983 இன் 12 ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டம் வரும்: 5 வருஷம் முடித்தவருக்கு, சேவை செய்த ஒவ்வொரு வருஷத்துக்கும் அரை மாதச் சம்பளம். 1971 இன் சேவை முடிவுறுத்தல் சட்டமும் வரும், எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ இல்லாமல் ஆட்குறைப்புச் செய்ய முடியாது. அந்த 12 இலட்ச நிர்வாகச் சேமிப்பு இதில்தான் சிக்கும்.

நடைமுறை 2007 இன் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தில் இருக்கிறது. இரண்டு கம்பனியிலும் விசேட தீர்மானம், அதாவது 75% வாக்கு. நடைமுறைக்கு வர 20 வேலைநாட்களுக்குக் குறையாமல் முன்னதாகப் பங்குதாரருக்கும் பிணை பெற்றுக் கடன் கொடுத்தவர்களுக்கும் முன்மொழிவை அனுப்ப வேண்டும். எதிர்த்து வாக்களித்த பங்குதாரர் தன் பங்கைக் கம்பனியே வாங்க வேண்டும் என்று கேட்கலாம், அந்தக் காசையும் ஒதுக்கி வையுங்கள்.

பரந்தன்வாசி:
எல்லாருக்கும் நன்றி. அப்ப அவைக்கு என்ன பதில் சொல்லுறது?

வவுனியா_கணக்காளர்:
இரண்டு போகத்துக்குத் தரம்பிரிப்புக் கூலி ஒப்பந்தம் போடக் கேளுங்கள். கூலியில் மின்சாரமும் சோட்டரின் தேய்மானமும் அடங்கட்டும், ஏற்றியிறக்கும் கூலி அவர்கள் பக்கம். தை முதல் பங்குனி வரை உங்கள் அரிசிக்கு முன்னுரிமை என்று எழுதுங்கள். அதற்குப் பிறகும் ஒன்றாக விரும்பினால், பங்கு விகிதத்துக்கு மார்ச் 31 கடனை எடுக்காமல் 12 மாத முடிவுகளின் சராசரிக் கடனை எடுப்பது என்று இப்போதே ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்.