நாலாவது பீரியடில் குரல் கம்முகிறது, கேமராவில் முடிச்சு இல்லை

பத்தாம் வகுப்பு கணக்கு ஆசிரியை, மதுரை. 50 பிள்ளைகள், தகரக் கூரை. ஜூனிலிருந்து நாலாவது பீரியடில் கரகரப்பு, கழுத்து இறுக்கம், தாடை வலி. அதிகாரிகள் ஆய்வு, ரிசல்ட் நெருக்கடி என்றால் இரண்டாவது பீரியடிலேயே. ஞாயிறு பேசாமலிருந்தால் சரியாகிறது. காது மூக்கு தொண்டை மருத்துவர் கேமரா விட்டுப் பார்த்துவிட்டு, குரல்நாணில் முடிச்சு இல்லை, தசை இறுக்கம்தான் என்றார்.

இடுப்பில் கட்டும் மைக் வாங்கியாச்சு. கத்துவது குறைந்தது, இறுக்கம் குறையவில்லை. செருமுவதையும் விட்டாச்சு, அது நாண்களை மோதவிடும். வெந்நீர் இதம், அவ்வளவே. தண்ணீரில் இரண்டு விரற்கடை ஸ்ட்ராவை அமிழ்த்தி ‘ஊ’ என்று ஊதும் பயிற்சி வீட்டில் நன்றாகவே பலன் தருகிறது. வகுப்பில் பதற்றம் வந்ததும் மூச்சு மேல்நெஞ்சிலேயே நின்று தொண்டை பூட்டிக்கொள்கிறது.

பீரியடுகளுக்கு நடுவே ஐந்து நிமிடத்தில், நின்றபடியே இந்த இறுக்கத்தைத் தளர்த்த எந்தப் பயிற்சி உங்களுக்குக் கைகொடுத்தது?