ஆசியக் கலாசார விழாக்களுக்குப் போனவங்க இருக்கீங்களா? உங்க அனுபவத்தைச் சொல்லுங்க

நகரிக்காரன்:

நம்ம சித்தூர், திருப்பதி பக்கத்துக் காலேஜ்கள்ல அப்பப்போ ஆசியக் கலாசார விழான்னு நடத்துறாங்க. வெளிநாட்டுப் பசங்க அவங்க ஊர் உடுப்புல வந்து ஆடுவாங்க, பெரிய மனுஷங்க பேசுவாங்க, பொன்னாடை, போட்டோ, சாப்பாடு. நானும் ஒண்ணுக்குப் போனேன். எங்க வீட்டுல பவர்லூம், லுங்கி ஓடுது. அதனால எங்க போனாலும் கண்ணு முதல்ல துணி மேலதான் போகும். வெளிநாட்டுப் பசங்களுக்கு இந்திய அரசு தர்ற ஐசிசிஆர் ஸ்காலர்ஷிப்ல படிக்க வந்த இந்தோனேசியப் பொண்ணு ஒருத்தங்க, மெழுகால வரைஞ்சு சாயம் ஏத்தற பாத்திக் துணி கட்டிக்கிட்டு மேடையில நின்னாங்க. "2009-ல யுனெஸ்கோ பட்டியல்ல சேர்ந்த கலை"ன்னு ஒரு வரி சொல்லிட்டு அடுத்த டான்ஸைக் கூப்பிட்டுட்டாங்க. அவ்வளவுதான் பாத்திக்.

மறுநாள் நடந்ததைச் சொல்லத்தான் எழுதுறேன். அங்க இருந்த ஒரு பேராசிரியர் அந்தப் பொண்ணைக் காளஹஸ்தியில கலம்காரி, அதாவது துணியில கையால சித்திரம் போடுற ஒரு பெரியவர் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனார். தெலுங்கும் இங்கிலீஷும் பேச ஆள் வேணும்னு என்னையும் ஏத்திக்கிட்டாங்க. பெரியவர் துணியைக் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த தண்ணியில முக்கி, காயவெச்சு எடுத்து வெச்சிருந்தார். கலம்னா சீவின மூங்கில் குச்சி, முனைக்குக் கொஞ்சம் மேல துணி சுத்தி நூலால இறுக்கிக் கட்டியிருக்கும். அதை மையில தோய்ச்சு, சுத்தின இடத்தை விரலால லேசா அமுக்கினா மை முனைக்கு இறங்கும். மைன்னா கடையில வாங்கினது இல்ல. பழைய இரும்புத் துண்டுகளை வெல்லத் தண்ணியில நாள்கணக்கா ஊறவெச்சு வடிக்கிறது. அது கடுக்காய் ஏறின துணியில பட்டதும் கறுக்குது. சிவப்பு வேணும்னா படிகாரத் தண்ணியில வரைஞ்சு, அப்புறம் சாய வேரோட கொதிக்க வைப்பாங்க. படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவக்கும்.

அந்தப் பொண்ணு பையிலிருந்து ஒரு சாமான் எடுத்தாங்க. மரக் கைப்பிடி, நுனியில சின்ன செம்புக் கிண்ணம், அதுக்கு ஊசி மாதிரி மூக்கு. பேர் சாந்திங்காம். அதுல உருக்கின மெழுகை ஊத்தி வரைவாங்களாம், மெழுகு இருக்கற இடத்துல சாயம் ஏறாது. பெரியவர் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நீலத்துக்கு எங்க அப்பாவும் மெழுகுதான் போடுவார்"னார். நான் அதை இங்கிலீஷ்ல சொல்லி முடிக்கறதுக்குள்ள அந்தப் பொண்ணு கலத்தைக் கையில எடுத்தாச்சு. முதல் கோடே மொத்தையா வழிஞ்சுது. "துணியைக் குத்தாதம்மா, நூலை அமுக்கு"ன்னு பெரியவர் தெலுங்குலயே சொன்னார். அதுக்கு என் மொழிபெயர்ப்பே வேண்டியிருக்கல. சாயங்காலம் வரைக்கும் எனக்கு அங்க வேலையே இல்ல.

இதுல என் ஆதங்கம் என்னன்னா, டச்சுக்காரன் 1613-ல பழவேற்காட்டுல கோட்டை கட்டினதே இந்தக் கரையோரத் துணிக்காகத்தான். இங்கேருந்து துணி ஏத்திட்டுப் போய் அந்தப் பொண்ணோட இந்தோனேசியத் தீவுகள்ல மிளகு, கிராம்பு, ஜாதிக்காய்க்கு மாத்தினான். பழவேற்காடு ஏரி நம்ம சூளூர்பேட்டைப் பக்கம்தானே கிடக்கு? மூணு மணி நேரம் நடந்த விழாவுல இதை ஒருத்தரும் வாயால சொல்லல.

புத்தூர் அக்கா:

தம்பி, காளஹஸ்தி கதை அருமை. ஆனா மேடைப் பேச்சை ஒரேயடியா ஒதுக்காதீங்க. திருப்பதியில ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகத்துல தென்கிழக்கு ஆசியா, பசிபிக் நாடுகளுக்குன்னே ஒரு ஆய்வு மையம் இருக்கு. ஊர்க்காரங்களுக்கே பல பேருக்குத் தெரியாது. எனக்கே லேட்டாதான் தெரியும்.

நான் கேட்ட பேச்சு வேற இடத்துல, தாய்லாந்து பத்தி. பாங்காக்ல தேவஸ்தான்னு ஒரு கோயில், ராஜாவோட பிராமணர்கள் இருக்காங்க. பக்கத்துலயே சிவப்பா ஒரு ராட்சத ஊஞ்சல் நிக்குது. 1935-க்கு அப்புறம் அதுல ஆடறது இல்லையாம், ஆனா திரியம்பாவாய்ங்கற சடங்கு இன்னும் நடக்குது. அதுல அவங்க ஓதறது நம்ம திருவெம்பாவையில இருந்து போனதாம், திருப்பாவையும் இருந்திருக்கலாம்ங்கறாங்க. தலைமுறை தலைமுறையா வாய்மாறி, இப்போ நாம கேட்டா தமிழ்னு சத்தியம் பண்ணினாலும் நம்ப மாட்டோம்.

மார்கழி வந்தா திருமலையில சுப்ரபாதத்தை நிறுத்திட்டுத் திருப்பாவைதான் பாடுவாங்க. அதைக் கேட்டு வளர்ந்த எங்க மாமியாரைக் கூட்டிட்டுப் போயிருந்தேன், சும்மா உட்காருவாங்களா? எழுந்து தமிழ்லயே, "அங்க சாமிக்கு என்ன படைப்பாங்க?"ன்னு கேட்டுட்டாங்க. பேச வந்தவர் தெலுங்குக்காரர், பக்கத்துல கேட்டுப் புரிஞ்சுக்கிட்டு, "நெல்பொரி, வாழைப்பழம், கரும்பு"ன்னார். "கரும்பு வேற இருக்கா, அப்ப நம்ம ஆளுங்கதான்"னு சொல்லிட்டு உட்கார்ந்தாங்க. ஹால்ல ஒரே சிரிப்பு. அதுவரைக்கும் தூங்கிட்டிருந்த பசங்க அப்புறம்தான் கேள்வியே கேட்க ஆரம்பிச்சாங்க.

சத்தியவேடு:

எங்க பக்கம் ஆசியக் கலாசாரம்னா ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டைதான். இசுசு வண்டி ஃபேக்டரி 2016-ல வந்தது, அதுக்கு முன்னாடியும் பின்னாடியும் ஜப்பான் கம்பெனிங்க நிறைய. காலேஜ்ல ஜப்பானிய தினம்னு காகிதத்துல கொக்கு மடிக்கச் சொல்லித் தந்தாங்க. எனக்கு அது ஒட்டல. சென்னைக்குப் போய் ஜேஎல்பிடி என்5-ங்கற ஆரம்ப நிலை ஜப்பானிய மொழிப் பரீட்சை எழுதினதுதான் உதவிச்சு. ஷிஃப்ட்ல ஜப்பான் சூப்பர்வைசருக்கு அவர் மொழியில காலை வணக்கம் சொன்னா, மனுஷன் அன்னிக்கு முழுக்க கூடவே நின்னு வேலை சொல்லித் தர்றார்.

குப்பம் பையன்:

நகரி அண்ணே, நம்ம கஷ்டம் வேற மாதிரி. எங்க ஊர்ல 1997-ல திராவிடப் பல்கலைக்கழகம் வந்தது, மூணு மாநிலமும் தொட்டுக்கற இடம். தெருவுல இறங்கினா தமிழ், தெலுங்கு, கன்னடம் மூணும் காதுல விழும். நான் வெளியூர் காலேஜ் ஒண்ணுல படிக்கறப்போ ஆசிய உணவுத் திருவிழா வெச்சாங்க. இந்தியாவுக்கு மட்டும் மாநில வாரியா ஸ்டால். ஆந்திரா ஸ்டால்ல "நீ தமிழ்தானே"ன்னாங்க, தமிழ்நாடு ஸ்டால்ல "நீ ஆந்திராவாச்சே"ன்னாங்க. நேபாளப் பசங்க ஸ்டால்ல ஆள் பத்தல, அங்க போய் நின்னுட்டேன். மோமோவை மூணு மொழியிலயும் கூவி வித்தேன். முதல்ல காலியான ஸ்டால் எங்களுதுதான்.