'மேல்நிலைச் சாளரம்' வேண்டாம், 'தனிச்சாளரம்' என்போம்

நிரலின் வேறு எந்தச் சாளரத்துக்குள்ளும் அடங்காமல் திரையில் தனியே நிற்கும் சாளரத்தை ஆங்கிலத்தில் 'டாப்லெவல் விண்டோ' என்கிறார்கள். அதற்கு 'மேல்நிலைச் சாளரம்' என்று நானும் எழுதியிருக்கிறேன். பைத்தான் நிரல்மொழியில் சாளரங்களும் பொத்தான்களும் செய்ய உதவும் டிகின்டர் என்ற கருவித்தொகுப்பைப் பற்றிய பாடம் ஒன்றைத் தமிழில் எழுதியபோது அதிகம் யோசிக்காமல் அதையே போட்டேன். இப்போது அதை மாற்றலாமா என்று கேட்கிறேன், ஏனென்றால் அந்தச் சொல் படித்தவரைத் தவறான பக்கம் கூட்டிப் போனதை நேரில் பார்த்தேன்.

பாடத்தில் இருந்த பயிற்சி எளிது. முதன்மைச் சாளரத்தில் 'அமைப்புகள்' என்று ஒரு பொத்தான், அதை அழுத்தினால் இரண்டாவதாக ஒரு சாளரம் திறக்க வேண்டும். ஒருவர் சரியாகவே செய்துவிட்டு வந்து கேட்டார்: "இது மேல்நிலைச் சாளரம் என்கிறீர்கள், ஆனால் பின்னால் இருப்பதைச் சொடுக்கினால் இது அடியில் போய்விடுகிறதே, எங்கே தப்பு?" தப்பு எதுவும் இல்லை. 'மேல்நிலை' என்றதும் எல்லாவற்றுக்கும் மேலே நிற்கும் என்று அவர் எடுத்துக்கொண்டார். தேடிப் பிடித்து 'டாப்மோஸ்ட்' பண்பையும் இயக்கிவிட்டார். அப்புறம் அந்த அமைப்புகள் சாளரம் உலாவி உட்பட எதன் மேலும் ஏறி உட்கார்ந்துகொண்டது. உண்மையிலேயே மேலே நிற்கும் சாளரம் என்று ஒன்று இருக்கும்போது, அதற்கு வேண்டிய சொல்லை நாம் வேறொன்றுக்குச் செலவழித்துவிட்டோம்.

இன்னொருவர் அமைப்புகளுக்காக, கூடுதல் சாளரம் திறக்கும் 'டாப்லெவல்' கட்டளையை அழைக்காமல், நிரலின் முதல் சாளரமான வேர்ச்சாளரத்தைத் திறக்கும் 'டிகே' கட்டளையையே இரண்டாம் முறை அழைத்திருந்தார். 'வேர்ச்சாளரம்', 'மேல்நிலைச் சாளரம்' இரண்டுமே உச்சியில் இருப்பவைதானே, எதை அழைத்தால் என்ன என்பது அவர் கேள்வி. சாளரம் ஒழுங்காகத் திறந்தது. உள்ளே இருந்த உள்ளீட்டுப் பெட்டி மட்டும் வெறுமையாக நின்றது. 'டிகே'யை இரண்டு முறை அழைத்தால் தனித்தனியாக இரண்டு டிசிஎல் இயக்கிகள் (டிகின்டருக்கு அடியில் இருக்கும் டிசிஎல் மொழியை ஓட்டுபவை) ஓடும். பெட்டியில் காட்ட வேண்டிய எழுத்தை வைத்திருக்க அவர் உருவாக்கிய 'ஸ்ட்ரிங்வார்' என்ற மாறி முதல் இயக்கியைச் சேர்ந்தது, பெட்டியோ இரண்டாவதில் இருந்தது. பிழைச் செய்தி எதுவும் வராது, ஆகவே கண்டுபிடிக்க நேரமாகும்.

இந்த இரண்டு குழப்பங்களுக்கும் அடியில் ஒரே சிக்கல்தான். எது எதற்குள் இருக்கிறது என்பதைக் கணினியில் ஒரு மரமாக, அதுவும் தலைகீழாக வரைகிறோம், வேர் மேலே, கிளைகள் கீழே. ஆங்கிலச் சொல் அந்தப் படத்தைப் பார்த்துப் பிறந்தது. லினக்ஸ் போன்றவற்றில் சாளரங்களைத் திரையில் காட்டும் எக்ஸ் சாளர முறையில் திரை முழுவதும் விரிந்திருப்பது வேர்ச்சாளரம், அதன் நேரடிச் சேய்கள் 'டாப்லெவல்'. அந்தப் படம் கண்ணில் இல்லாதவருக்குத் தமிழில் 'வேருக்கு அடுத்தது மேல்நிலை' என்றால் எதுவும் விளங்காது. போதாக்குறைக்கு டிகின்டர் பாடங்களில் வேர்ச்சாளரம் என்றால் திரை அல்ல, நிரலின் முதல் சாளரம். ஒரே 'வேர்', இரண்டு இடத்தில் இரண்டு பொருள்.

அந்தப் படம்கூட முழு உண்மை இல்லை. எக்ஸில் பெரும்பாலான சாளர மேலாளர்கள் (திரையில் சாளரங்களை அடுக்கி நிர்வகிக்கும் நிரல்கள்) நம் சாளரத்தைத் தாம் செய்த ஒரு சட்டகத்துக்குள் எடுத்து வைக்கின்றன. தலைப்புப் பட்டையும் மூடும் பொத்தானும் அந்தச் சட்டகத்தில் இருப்பவை. அதற்குப் பிறகு நம் சாளரம் வேரின் நேரடிச் சேய் இல்லை, சட்டகத்தின் சேய். அப்போதும் அதை 'டாப்லெவல்' என்றுதான் சொல்கிறோம். ஆக, மரத்தில் எத்தனையாவது படி என்பது இதன் இலக்கணம் இல்லை.

பிறகு எது இலக்கணம்? ஒரு பொத்தானையோ பெட்டியையோ எடுத்துக்கொள்ளுங்கள். அது இன்னொன்றுக்குள் இருக்கிறது. அதன் இடத்தையும் அளவையும் அதைச் சூழ்ந்திருப்பதும் நிரலும் சேர்ந்து முடிவு செய்கின்றன. நாம் பேசும் சாளரமோ தன் நிரலின் வேறு எந்தச் சாளரத்துக்குள்ளும் இல்லை. அது நேரே சாளர மேலாளரோடு பேசுகிறது: என் தலைப்பு இது, இவ்வளவு அகலம் வேண்டும், இதற்குக் கீழே சுருக்காதே, மூடச் சொன்னால் என்னிடம் ஒரு வார்த்தை கேள். டிகின்டரில் '400x300+100+50' என்று கொடுத்தால் 400 அகலம், 300 உயரம், திரையின் இடப்பக்கத்திலிருந்து 100, மேலிருந்து 50 படப்புள்ளிகள் என்று பொருள். இது ஆணை இல்லை, கோரிக்கை. மேலாளர் ஏற்கலாம், மாற்றலாம். எக்ஸுக்கு மாற்றாக வந்த வேலேண்டில் சாதாரண நிரல் தன் சாளரத்தைத் திரையில் எங்கே வைப்பது என்று சொல்லவே முடியாது. (இந்த '400x300' சரத்தைச் சிலர் 'வடிவியல்' என்று எழுதுகிறோம். அது கணக்குப் பாடத்தின் பெயர். 'அளவும் இடமும்' என்று எழுதினால் போதும்.)

வைத்திருக்கும் சொற்களை இந்த இலக்கணத்தோடு பொருத்திப் பார்த்தேன்.

'தலைச்சாளரம்' எனக்கு மிகவும் பிடித்திருந்தது. தலைவாசல், தலைநகர் மாதிரி உடனே நாக்கில் உட்காருகிறது. ஆனால் தலை என்றால் முதன்மையும் ஒருமையும் சேர்ந்தே வருகின்றன. ஒரு படத்திருத்தி நிரல் கருவிகளுக்கு ஒன்று, அடுக்குகளுக்கு ஒன்று, படத்துக்கு ஒன்று என்று மூன்று சாளரம் திறந்தால் மூன்றும் தலையா? 'முதன்மைச் சாளரம்' வேறொரு கருத்துக்கு ஏற்கெனவே நிலைத்துவிட்டது, அதைத் தொட வேண்டாம். 'வெளிச்சாளரம்' என்றால் மேலாளர் போடும் சட்டகத்தையே குறிப்பதாகத் தோன்றும். 'தாயில்லாச் சாளரம்' க்யூட்டி என்ற இன்னொரு கருவித்தொகுப்புக்குப் பொருந்தும், அங்கே தாய் இல்லாத விட்ஜெட் (பொத்தான், பெட்டி போன்ற திரை உறுப்பு) தானாகவே சாளரமாகிவிடும். ஆனால் க்யூட்டியிலேயே உரையாடல் பெட்டிக்குத் தாய் உண்டு, அதுவும் சாளரம்தான்.

டிகின்டரிலும் அப்படித்தான். இரண்டாவது சாளரத்துக்குப் பெயரளவில் முதல் சாளரம் தாய். தாயை அழித்தால் இதுவும் அழியும். ஆனாலும் தாய்க்குள் இது வசிக்கவில்லை, தனிக்குடித்தனம். உறவு அறுந்துபோகவில்லை, இருப்பிடம் வேறு. இதை யோசித்தபோதுதான் 'தனிச்சாளரம்' வந்தது. எதிர்ச்சொல்லும் கூடவே வந்துவிட்டது: 'உட்சாளரம்'. 'தனிச்சாளரத்தின் அளவை மேலாளரிடம் கேட்கிறோம், உட்சாளரத்தின் அளவை நாமே வைக்கிறோம்' என்று எழுதிப் பார்த்தேன். விளக்கம் தேவைப்படவில்லை.

வரக்கூடிய மறுப்பு ஒன்று தெரிகிறது. உலாவியில் தடம் வைக்காமல் மேயும் சாளரத்தைத் 'தனிப்பட்ட சாளரம்' என்று எழுதுகிறவர்கள் உண்டு, குழம்பாதா என்று கேட்கலாம். அங்கே 'தனிப்பட்ட', இங்கே 'தனி'. தனியறையையும் தனிப்பட்ட அறையையும் நாம் குழப்பிக்கொள்வதில்லை. தவிர, ஒன்று உலாவிப் பயனருக்கான சொல், மற்றது நிரல் எழுதுகிறவருக்கானது.

கருவித்தொகுப்புகளே அந்த ஆங்கிலச் சொல்லை எங்கும் ஒரே மாதிரி பிடித்துக்கொண்டிருக்கவில்லை என்பதையும் கவனியுங்கள். ஜிடிகே என்ற கருவித்தொகுப்பில் 3ஆம் பதிப்பு வரை சாளரம் உருவாக்கும்போது 'டாப்லெவலா, பாப்அப்பா (பட்டியல் போலச் சட்டென மேலெழுவதா)' என்று வகை சொல்ல வேண்டும். 2020 டிசம்பரில் வந்த ஜிடிகே 4 அந்தக் கேள்வியை எடுத்துவிட்டது. க்யூட்டி 3இல் 'இஸ்டாப்லெவல்' என்று கேட்டதை க்யூட்டி 4இலிருந்து 'இஸ்விண்டோ' என்று கேட்கிறோம். வேலேண்டின் நெறிமுறையில் 'டாப்லெவல்' இன்னும் இருக்கிறது. நிரல்வரிகளில் வரும் பெயரை அப்படியே விட்டுவிட்டு, விளக்க உரையில் மட்டும் 'தனிச்சாளரம்' எழுதலாம்.

மீதி இருப்பது 'டிரான்சியண்ட்'. உரையாடல் பெட்டியை ஒரு சாளரத்தோடு கட்டிவைக்கும் ஏற்பாடு இது. கட்டியபின் பெட்டி அந்தச் சாளரத்தின் மேலேயே நிற்கும், அது சுருங்கினால் பெரும்பாலும் கூடவே சுருங்கும். 'தற்காலிகச் சாளரம்' என்று எழுதுவது பொருந்தவில்லை, எவ்வளவு நேரம் இருக்கிறது என்பது இங்கே பேச்சே இல்லை. 'துணைச்சாளரம்' என்று வைத்திருக்கிறேன். அதுவும் ஒரு தனிச்சாளரம்தான், ஆனால் இன்னொன்றுக்குத் துணையாக நிற்பது. இதற்கு மேல் பொருத்தமான சொல் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், பாடத்தின் அடுத்த திருத்தத்தில் இரண்டையும் சேர்த்தே மாற்றிவிடுகிறேன்.