சபை தாங்கிய நாட்கள்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

பாளையங்கோட்டை சகோதரி:

அப்பா போன பிறகு எனக்கு ஜெபமே வரவில்லை. வேதத்தைத் திறப்பேன், ஒரு வசனமும் மனசில் ஏறாது, மூடி வைத்துவிடுவேன். அந்த நாட்களில் எங்கள் சபையார் ராத்திரிதோறும் வீட்டுக்கு வந்தார்கள். பெரிய பிரசங்கம் ஒன்றும் கிடையாது. முற்றத்தில் பாயை விரித்து உட்காருவார்கள். ஒரு பாட்டி கீர்த்தனையை எடுத்துக்கொடுப்பார், சுருதி எட்டாமல் பாதியில் இறக்கிப் பிடிப்பார், எல்லாரும் அவர் கூடவே இறங்குவார்கள். உபதேசியார் ஒரு சங்கீதம் வாசிப்பார். அப்புறம் பரமண்டல ஜெபம். நான் வாயே திறக்கவில்லை, ஆனாலும் அந்த வீட்டில் ஜெபம் நின்றுபோகவில்லை. என் பங்கையும் சேர்த்து அவர்களே சொன்னார்கள் என்றுதான் இன்றைக்கும் நம்புகிறேன். ஒருவர் பாரத்தை ஒருவர் சுமக்கச் சொல்லி பவுல் கலாத்தியருக்கு எழுதினாரே, அதைக் கண்ணால் பார்த்தது அப்போதுதான். துக்கத்தில் இருப்பவரிடம் போய் "விசுவாசம் குறைந்துவிட்டது" என்று மட்டும் சொல்லாதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள், போதும்.

நாசரேத் பக்கத்துச் சகோதரர்:

எங்கள் ஊர் அசனத்தை, அதாவது சபையார் கூடி ஆக்கிப் போடும் பொதுவிருந்தைப் பற்றிச் சொல்கிறேன். கோயில் பிரதிஷ்டைப் பண்டிகையை ஒட்டி வரும். அரிசி, ஆடு, தேங்காய், விறகு என்று நேர்ந்துகொண்டவர்கள் கொண்டுவந்து இறக்குவார்கள். முந்தின ராத்திரி கோயில் வளாகத்தில் யாரும் தூங்குவதில்லை. பெண்கள் வட்டமாக உட்கார்ந்து வெங்காயம் உரிப்பார்கள், ஆண்கள் மண்ணை வெட்டி அடுப்புக் கூட்டுவார்கள். வடித்த சோற்றைப் பாயில் கொட்டிக் குவித்து, ஐயர் (எங்கள் பக்கத்தில் குருவானவரை அப்படித்தான் சொல்வோம்) வந்து ஜெபித்த பிறகுதான் பந்தி. சபையார் மட்டுமல்ல, ஊரில் எல்லா மதத்தாரும் வந்து சாப்பிடுவார்கள். வர முடியாதவர்களுக்குத் தூக்குவாளியில் போகும்.

ஒரு வருஷம், இடத்தகராறில் வெகுகாலமாகப் பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு பேருக்கு ஒரே அடுப்பில் வேலை விழுந்தது. விடிகிற நேரத்தில் ஒருவர் கரண்டியை நீட்டி, "உப்புப் பாருங்க அண்ணாச்சி" என்றார். மற்றவர் உள்ளங்கையில் விட்டு ருசி பார்த்து, "இன்னும் ஒரு கை போடலாம்" என்றார். அவ்வளவுதான் பேச்சு.

அதற்கு அடுத்து வந்த, அப்பமும் ரசமும் பகிரும் திருவிருந்து ஆராதனையில் இருவரும் பக்கத்துப் பக்கத்தில். தென்னிந்தியத் திருச்சபை முறைமையில் சமாதானம் கொடுப்பது எப்படி என்று பலருக்குத் தெரிந்திருக்கும். குருவானவரிடமிருந்து தொடங்கி, ஒருவர் இரு கைகளுக்குள் மற்றவர் கையை வாங்கி, அப்படியே அடுத்தவருக்குக் கொடுத்துக்கொண்டே போவோம். 1947-ல் பல சபைகள் இணைந்துதான் இந்தத் திருச்சபை உருவானது. 1950-ல் வந்த திருவிருந்து முறைமையில் இந்தக் கைகோத்தலும் சேர்ந்தது. கேரளத்துச் சிரியன் சபைகளில் அதற்கு முன்பே இருந்த வழக்கம் இது. அண்ணாச்சி தனக்கு வந்த சமாதானத்தைத் திரும்பி, உப்புப் பார்க்கச் சொன்னவருக்குத்தான் கொடுக்க வேண்டியிருந்தது. கொடுத்தார். வழக்கு உடனே தீர்ந்துவிடவில்லை, கோர்ட்டில் இன்னும் கொஞ்சநாள் இழுத்தது. ஆனால் அண்ணாச்சி மகள் கல்யாணத்தில் முதல் ஆளாக நின்று பந்தி விசாரித்தது அந்த மனுஷன்தான். இந்தக் கைகோத்தலை விட்டுவிட்டு, தூரத்திலிருந்தே ஒரு கும்பிடு போட்டு முடித்துக்கொள்ளும் சபைகளைப் பார்த்தால் எனக்கு உள்ளபடியே வருத்தமாக இருக்கிறது.

சென்னை வாலிபர் சங்கத் தம்பி:

எங்கள் சபையில் நடமாட முடியாத பெரியவர்களுக்கு ஐயர் வீட்டுக்கே நற்கருணை, அதாவது திருவிருந்தின் அப்பமும் ரசமும் கொண்டுபோவார். அவரைத் தனியாக அனுப்புவதில்லை, சங்கத்திலிருந்து யாராவது கூடப் போவோம். போன வீட்டில் ஆச்சிமார் எங்கள் கையைப் பிடித்துக்கொண்டு முதலில் கேட்பது, "இந்த வாரம் கோயில்ல யார் வேதபாடம் வாசிச்சாங்க?" என்பதுதான். அதனால் யார் வாசித்தார்கள், யாருக்குக் குழந்தை பிறந்தது எல்லாம் கேட்டு வைத்துக்கொண்டே போவேன்.

திசையன்விளை அக்கா:

அம்மா உலையில் அரிசி போடுமுன் ஒரு கைப்பிடி எடுத்துத் தனிப்பானையில் போடுவார். வீட்டில் பஞ்சமான நாளிலும் அது தப்பாது. ஞாயிற்றுக்கிழமை அந்த அரிசி கோயிலுக்குப் போகும், அங்கே விற்று வரும் பணம் மிஷன் ஊழியத்துக்கு. 1903-ல் திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கியபோது, இந்தியர் பணத்தில் இந்தியரே ஊழியம் செய்ய வேண்டும் என்று தீர்மானித்தார்கள். தெலுங்கு நாட்டில் தோர்ணக்கல் அவர்களுடைய முதல் ஊழியக்களம். அந்தச் சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான அசரியாதான் 1912-ல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனார். பணக்காரர் நாலு பேர் கொடுத்து நடத்துகிற ஊழியத்தைவிட, எல்லா அடுப்பிலிருந்தும் ஒரு பிடி வருகிற ஊழியம்தான் சபையின் ஊழியம் என்பது என் எண்ணம்.

இப்போது எல்லாம் கவர் காணிக்கையாகிவிட்டது. எங்கள் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் மறுபடியும் அரிசி சேர்க்கத் தொடங்கியிருக்கிறோம். ஒரே சங்கடம், ரேஷன் அரிசியும் பொன்னியும் ஒன்றாகக் கலந்து வருகிறது, வாங்க ஆள் இல்லை. உங்கள் சபைகளில் இந்த வழக்கம் இருந்தால் எப்படிப் பிரிக்கிறீர்கள், எங்கே கொடுக்கிறீர்கள் என்று சொல்லுங்கள்.